பெல்ட்டோடு பம்பும்

ஆடி மாதம், புதன்கிழமை

என் வான் வண்டியின் டைமிங் பெல்ட்டை மாற்ற நாரந்தனைக்குப் போனேன். மெக்கானிக் அந்தோனி இஞ்சினின் முன்பக்கத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு சொன்னான்:

“அண்ணை, தண்ணிப் பம்பையும் இப்பவே மாத்துங்கோ. பிறகெண்டால் இவ்வளவத்தையும் திரும்பக் கழட்டோணும், கூலியும் ரெண்டு தரம். உப்புக் காத்திலை இந்த நட்டுகள் இன்னொருக்காக் கழலாது.”

“அது இன்னும் ஒழுகேல்லையே?”

“ஒழுகின பிறகு, கடலுக்கு நடுவிலை பண்ணைப் பாலத்திலை நிண்டு எனக்குப் போன் எடுப்பியளோ?”

சிரிப்பு வந்துவிட்டது. இரண்டையும் மாற்றச் சொன்னேன்.

பின்னேரம் கனடாவிலிருந்து தம்பி போன் எடுத்தான். அரைமணி நேரம் வானைப் பற்றியே கதைத்தோம். “வேறென்ன புதினம், அண்ணை?” என்று இரண்டு தரம் கேட்டான். அம்மாவின் ஸ்கான் அறிக்கை எனக்கு முன்னால் மேசையில் கிடந்தது.

“ஒண்டுமில்லை” என்றேன்.

இனி, அதைச் சொல்லவென்றே அவனுக்கு இன்னொருமுறை போன் எடுக்கவேண்டும்.