பார்க்காமல் விட்ட மார்ச் மாதம்

நேற்று மதியம் கிள்ளானில் நம் வழக்கமான கடையில் மீ கோரெங் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசைக்காரர் காடியில் ஊறிய பச்சை மிளகாய்ப் போத்தலைத் திறந்தார். அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் வந்த தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். உனக்குத்தான் தெரியுமே, எந்தத் துக்கத்திலும் சாப்பாட்டை விடுகிறவள் இல்லை நான். உன் கருமாதி அன்றுகூட இரண்டாம் முறை ரசம் வாங்கியவள்.

தேசிய நூலகத்தில் பழைய பத்திரிகைகளைப் படமெடுத்து வைத்த சுருளின் டப்பாவைத் திறந்தபோது வந்ததும் இதே வாடைதான். நீ டப்பாவை முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளித்து, "அச்சார் பாட்டில் மாதிரி இருக்குடி" என்றாய். நான் சிரித்தேன். மேசையில் இருந்த மலாய்க்கார அக்கா நிமிர்ந்து பார்த்ததும் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டோம். ஐம்பதை நெருங்கும் இரண்டு பெண்கள், பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு வந்த பிள்ளைகள் போல.

அன்றைக்கு நாம் போனது வேடிக்கை பார்க்க அல்ல. உன் அம்மாவின் முகத்தைத் தேடிப் போனோம்.

இருபத்திரண்டு வருடம் நாம் ஒரே அலுவலகத்தில், எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து, துறைமுகத்துக்குப் போகும் பெட்டிகளுக்குப் படிவம் நிரப்பியிருக்கிறோம். உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதது ஏதும் இல்லை என்று நினைத்திருந்தேன். உனக்குப் பத்து மாதம் ஆகும்போது அம்மா இறந்தார் என்பது தெரியும். காப்பாரில் அத்தை வீட்டில் வளர்ந்தாய் என்பதும் தெரியும். ஆனால் அந்த அத்தை உன்னிடம் சொல்லிச் சொல்லி வளர்த்த ஒரு வார்த்தையை ரொம்ப வருடம் கழித்துத்தான் சொன்னாய். "ஒன்ன பெத்ததுல இருந்து ஒங்கம்மா படுத்த படுக்கைதான். ஒரு நாளும் ஒன்ன கையில தூக்குனது கெடையாது." காகிதங்களைப் பின் அடித்துக்கொண்டே, யாரோ ஒருத்தியின் கதை மாதிரி அதைச் சொன்னாய். பிறகு, "மொகம் எப்படி இருந்தா என்னடி, என்னைத் தூக்குனாங்களான்னு தெரிஞ்சா போதும்" என்றாய். நான் தேநீர் வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனேன்.

காப்பாரில் ஒரு கல்யாண விருந்தில்தான் அந்தச் செய்தி கிடைத்தது. உன் அப்பாவோடு லோரி ஓட்டிய பெரியவர் ஒருவர் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உன் அம்மா இறந்து ஒரு வருடம் ஆனபோது அப்பா தமிழ்ப் பத்திரிகையில் நினைவஞ்சலி போட்டார் என்றார். "வீட்ல இருந்ததே ஒரே படம்மா. அதைத்தான் ஏஜண்டுகிட்ட குடுத்தாரு. திரும்பி வரவே இல்ல." பிரதி எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று உன் அப்பாவுக்குத் தோன்றவில்லை. நம்மில் எத்தனை வீடுகளின் முகங்கள் இப்படிப் பத்திரிகை ஏஜண்டு கையோடு போயினவோ தெரியாது. கறியைப் பிசைந்த கையோடு எனக்குப் போன் செய்தாய். "பேப்பர்ல இருக்குடி, என் அம்மா பேப்பர்ல இருக்காங்க!"

அடுத்த வாரமே விடுப்பு எடுத்தோம். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில், பிறகு ஒரு கிராப் வாடகைக் கார். பத்துமலைக்கு வருடா வருடம் போகிற நமக்கு இந்த நூலகம் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரிந்திருக்கவில்லை. மலாய்க்காரரின் தலைப்பாகை போல மடிப்பு மடிப்பாக எழுந்த அந்த நீலக் கூரையின் கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டாய். உள்ளே பையைப் பெட்டகத்தில் வைக்கச் சொன்னார்கள். "கோயில்ல செருப்ப விடுற மாதிரி" என்று முணுமுணுத்தாய். குளிர் எலும்பைத் துளைத்தது. அந்த அக்கா நம் மலாய்ப் பேச்சைப் பொறுமையாகக் கேட்டு, மாதத்துக்கு ஒரு சுருளாக எடுத்துத் தந்து, எப்படி மாட்டுவது என்று காட்டிக் கொடுத்தார்.

உன் கையில் அம்மாவின் இறப்புச் சான்றிதழ் இருந்தது. பிப்ரவரி பதினெட்டு. அதனால் மறு வருடத்து பிப்ரவரிச் சுருளை ஒரே திரையில், தோளோடு தோள் இடித்துக்கொண்டு பார்த்தோம். அந்தச் சுருளில் எல்லாம் தலைகீழ் நிறம், கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்து. அஞ்சலிப் படங்களில் தலைமுடி வெளுத்து, முகம் கறுத்து, கண்மணி மட்டும் வெள்ளையாக ஒளிர்ந்தது. ஊர் ஊராக, தோட்டம் தோட்டமாக, செத்தவர்கள் நம்மை அப்படிப் பார்த்துக்கொண்டே கடந்து போனார்கள். உன் அம்மா அவர்களில் இல்லை.

கீழே உணவகத்தில் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துவிட்டு, சாப்பிடாமல் அப்படியே நின்றுவிட்டாய். "அடியே, எங்கப்பா என்னிக்கு தேதி பார்த்தாரு? அவருக்கு எல்லாம் திதிதான் லா. மாசி மாசத் திதி. அது அந்த வருஷம் முன்னாலயோ பின்னாலயோ தள்ளிப் போயிருக்கும்." அரசாங்கத் தாளை நம்பி நாம் தேடியது தவறு என்று அப்போதுதான் உறைத்தது. நம் வீடுகளில் பிறப்புக்குத் தேதி, இறப்புக்குத் திதி. இது நமக்குத் தெரியாததா? ஆனால் நூலகத்துக்குள் நுழைந்ததும் சான்றிதழ்க்காரிகளாக மாறிவிட்டோம்.

மேலே போய் நீ ஜனவரியை எடுத்துக்கொண்டாய். என்னை அடுத்த இயந்திரத்தில் உட்கார்த்தி மார்ச்சைத் தந்தாய். "நல்லா பாருடி. ஒரு பக்கம்கூட விடாத."

இனி எழுதப் போவதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல நான்கு வருடம் இருந்தும் சொல்லவில்லை. அந்த ஓடும் திரையைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. குமட்டியது. மணி நாலைத் தாண்டினால் ரயிலில் நிற்கக்கூட இடம் கிடைக்காதே என்று வேறு யோசனை. முதல் நான்கு நாட்களை ஒழுங்காகத்தான் பார்த்தேன். பிறகு வேகமாக ஓட்டும் பொத்தானை அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டேன். சுருள் கடைசிவரை ஓடி, வால் பட்டென்று கழன்று அடித்தது. கண்ணைத் திறந்து, "ஒண்ணும் இல்ல லா. முழுசா பார்த்துட்டேன்" என்றேன்.

நீ கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாய். "சரி, போலாம் வா" என்றாய்.

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. நீ பிரிக்பீல்ட்ஸுக்குப் போக கே.எல். சென்ட்ரலில் இறங்கும்போது என் தோளைத் தட்டி, "பரவால்ல, விடு" என்றாய். உனக்கு நான் சொல்ல வேண்டிய ஆறுதலை நீ எனக்குச் சொன்னாய். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மறுபடி ஒரு நாள் போகலாமா என்று ஒன்றிரண்டு முறை நான் இழுத்தபோதும், "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று பேச்சை மாற்றிவிட்டாய். மனம் விட்டுப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். அது எனக்கும் வசதியாக இருந்தது.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும்போது, மின்தூக்கியின் முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீ பிறகு எழவில்லை. உன் மேசையில் முந்தின நாள் பாதியில் விட்ட படிவத்தை நான்தான் எழுதி முடித்தேன்.

இரண்டு மாதத்துக்கு முன் உன் மகள் போன் செய்தாள். பெட்டாலிங் ஜெயாவில் வேலை, மூச்சு விட நேரமில்லாத பெண். "ஆன்டி, அம்மாவுக்கு வருஷம் வருது. பேப்பர்ல போடணும். நீங்கதான் வார்த்தை எழுதித் தரணும்." சரி என்றேன். அடுத்துக் கேட்டாள்: "தேதிக்குப் போடணுமா, திதிக்கா?"

திதிக்கு என்று சொல்லிவிட்டு வைத்தேன். அன்று முழுக்க யாரோ என் முதுகுக்குப் பின்னால் சுருளை ஓட்டுவது போலவே காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாளே போனேன். தனியாக. கூரைக்கு முன்னால் யாரோ ஒரு பெண் படம் எடுத்துக்கொண்டிருந்தாள், உன் உயரம், நான் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனேன். அந்த அக்கா இல்லை, வேறொருத்தி. மார்ச்சுச் சுருளை மாட்டினேன். இந்த முறை பக்கம் பக்கமாக, விலை விளம்பரத்தைக்கூட விடாமல் பார்த்தேன். ஒன்பதாம் தேதி, உள்பக்கத்தில், வலது ஓரம். நான் பொத்தானை அழுத்திய இடத்திலிருந்து நான்கைந்து நாள்தான் தள்ளி.

முதலில் கண்ணில் பட்டது உன் பெயர்தான். 'பிரிவால் வாடும் கணவர், மகள்' என்று அச்சாகி, அதன் கீழே நீ. பத்திரிகையில் உன் பெயர் வந்தபோது உனக்கு இரண்டு வயதுகூட ஆகியிருக்காது. மேலே ஒரு முட்டை வட்டத்துக்குள் கறுத்த முகம், வெள்ளைக் கண்மணிகள். நிறத்தை நேராக்கும் பொத்தானை அழுத்தினேன். உன் நெற்றி. உன் அந்தச் சோம்பேறிப் பார்வை.

அதுகூட இல்லை நான் சொல்ல வந்தது. முட்டை வட்டம் வெட்டிய இடத்தில், அவர் தோள் ஓரத்தில், ஒரு குழந்தையின் கை இருந்தது. கறுப்பு வளையல் போட்ட குட்டிக் கை. தாலிக்கொடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. உன்னை வெட்டி நீக்கிய அச்சகத்துக்காரர் உன் கையை மட்டும் விட்டுவிட்டார்.

நான் வாய்விட்டு அழுதேன். நூலகப் பெண் ஓடி வந்து, "காக், டா ஜும்பா?" என்றாள். கிடைத்ததா என்று கேட்கிறாள். தலையாட்டினேன். ஒரு பிரதி அச்சடித்துத் தந்தாள்.

அந்த வாரமே உன் வீட்டுக்குப் போய், பிரதியை உன் மகளிடம் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை மூடியதை, பொத்தானை, ரயிலை. அவள் திட்டட்டும், வெளியே போகச் சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அவள் படத்தில் இருந்த குட்டிக் கையை விரலால் தடவினாள்.

"அம்மாவுக்குத் தெரியும், ஆன்டி."

"என்ன தெரியும்?"

"நீங்க பார்க்கலன்னு. பக்கத்துலயே சர்ருன்னு ஓடுன சத்தம் கேட்டுச்சாம். திரும்பிப் பார்த்தா நீங்க கண்ண மூடிக்கிட்டு இருந்தீங்களாம்."

"அப்புறம் ஏம்மா கேக்கல? மறுபடி ஏன் போகல?"

"நானும் கேட்டேன். அதையும் பார்த்து அதுலயும் இல்லன்னா நான் எங்கடி போவேன்னாங்க. அந்த ஒண்ணு மட்டும் பார்க்காம இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க."

நான்கு வருடம் எதிர் மேசையில் உட்கார்ந்து என் பொய்யோடு தேநீர் குடித்திருக்கிறாய். ஒரு நாளும் முகம் கோணவில்லை. எனக்கு இது மன்னிப்பாகவும் படவில்லை, தண்டனையாகவும் படவில்லை. உன்மேல் கோபம்தான் வருகிறது. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அன்றே திரும்ப ஓட்டியிருப்பேனே! இரண்டு பேருக்கும் நடுவில் அந்த ஒன்பதாம் தேதி அப்படியே இருந்திருக்கிறது, நீ பயந்து தொடாமல், நான் வெட்கப்பட்டுத் தொடாமல்.

உன் மேசைக்கு இப்போது வேறு ஒரு பெண் வந்திருக்கிறாள். நல்ல பெண்தான். ஆனால் சில சமயம் காகிதத்திலிருந்து நிமிரும்போது அவளை நீ என்று நினைத்து வாயைத் திறந்துவிடுகிறேன். அவள், "என்னக்கா?" என்கிறாள். ஒன்றுமில்லை என்கிறேன். அவளிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது? அது உன்னிடம் மட்டுமே சொல்ல வேண்டியது, அதை வைத்துக்கொண்டுதான் தினமும் அந்த நாற்காலிக்கு எதிரே உட்கார்கிறேன்.

தூக்கியிருக்காங்கடி. உன்னைத் தூக்கி இடுப்புல வச்சிருக்காங்க.