மௌமெரேயில் இறங்கிய பை

லாரன்துக்கா,
டிசம்பர் 3.

அன்பு மருமகள் அடெல்ஃபினாவுக்கு, உன் அம்மாவோடு பிறந்த ஒரே ஆண்பிள்ளை லம்பெர்த்துஸ் மாமா, சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்து எழுதுவது. மக்காசரில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். இங்கே மழை பிடித்துவிட்டது. உன் அத்தைக்கு முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது.

நீ அனுப்பிய தைலம் வந்தது. தோளில் மூன்று வேளையும் தேய்க்கச் சொல்லியிருந்தாய். மூடியைக்கூட நான் திறக்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லிவிட மூன்று தடவை முயன்றேன். "வலி எப்படி இருக்கு மாமா" என்று உன் குரல் கேட்டதுமே என் வாய் தன்பாட்டுக்குத் திருடர்களைக் கூட்டிவிடுகிறது. துறைமுகத்தில் உன்னிடம் சொன்னபோது ஐந்து பேர். போன ஞாயிற்றுக்கிழமை எட்டாகிவிட்டார்கள். நாலாம் வகுப்போடு நின்றவனுக்குப் பேனா மெதுவாகத்தான் ஓடும். அந்த வேகத்துக்குப் பொய் வராது என்று நினைத்து எழுதுகிறேன்.

நான் மக்காசருக்கு வந்த கப்பலில் திருடர் கூட்டம் ஏறவில்லை. கத்தி இல்லை. என் தோளை யாரும் தொடவில்லை.

நீ இங்கே விட்டுப்போன லேப்டாப்பை ரிப்பேர் கடைக்காரன் கையில் கொடுத்த நிமிஷத்திலிருந்து அதைக் கைக்குழந்தை மாதிரி வைத்திருந்தேன், அது சத்தியம். இந்தக் கடலில் நூறு தடவை போய் வந்தவன் நான், நூறு இல்லாவிட்டாலும் முப்பதுக்குக் குறையாது. பழைய துணிப்பையில் வை, பார்த்தால் லேப்டாப் என்று தெரியக்கூடாது என்றாய். அப்படியே வைத்தேன். நகல் எடுத்த பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொள், இரண்டும் ஒரே பையில் வரவே கூடாது என்றாய். அங்கேதான் என் மூளை வேலை செய்தது. விரல் அளவு சாமான், குனிந்தால் கடலில் விழுந்துவிடாதா. தாயும் பிள்ளையும் சேர்ந்தே இருக்கட்டும் என்று கைக்குட்டையில் சுற்றி லேப்டாப்போடு வைத்தேன். பல்கலைக்கழகத்தில் ஒருவனுக்கும் தோன்றாத யோசனை என்று அன்றைக்கு எனக்குப் பெருமை வேறு.

கப்பல் தளத்தில் பக்கத்துப் பாயில் ஒரு ஆள். ஐம்பது வயது இருக்கும், முன்பல் ஒன்று இல்லை. ரஃபேல் என்றான். வெற்றிலைப் பையை நீட்டினான், மென்றோம். பேசப் பேச அவன் பாட்டியும் நம் வீட்டுப் பெரிய பாட்டியும் ஒரே குலம் என்று நான்தான் கண்டுபிடித்தேன். அவன் தலையைத்தான் ஆட்டினான். அந்தப் பக்கத்துப் பாயில் அடொனாரா தீவுக்காரி ஒருத்தி சோள மூட்டையோடு இருந்தாள். இவன் என் சித்தப்பா மகன், கூடப் பிறக்காத குறைதான் என்று அவளிடமும் சொல்லி வைத்தேன். அதோடு விட்டேனா.

"இந்தப் பைக்குள்ள நாப்பத்திரெண்டு கிணறு இருக்கு தம்பி. என் மருமக ரெண்டு வருஷமா ஊர் ஊரா நடந்து தண்ணி அளந்து வெச்சது. வேற எங்கயும் கிடையாது. இது இல்லாம அவளுக்குப் பட்டம் கிடையாது," என்றேன்.

வழியில் மௌமெரே துறைமுகம் நெருங்கும்போது பசித்தது. சாப்பாட்டுக் கூடம் மேல்தளத்தில். பையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் நம் வழக்கம் உனக்குத் தெரியும். ஒருவன் வெற்றிலையை மென்றுவிட்டு, வாய்ச் சிவப்பு காயுமுன் அவன் கண்ணெதிரே பையை எடுத்துக்கொண்டு நடந்தால், அவனைத் திருடன் என்று ஊர்கூட்டிச் சொன்னதாகத்தான் அர்த்தம். பார்த்துக்கொள் தம்பி என்றேன். "நிம்மதியா சாப்பிட்டு வாங்கண்ணே" என்றான்.

மேலே இரண்டு மாலுமிகள் கிடைத்தார்கள். ஒரு புயலில் நான் சுக்கான் பிடித்த கதையைச் சொன்னேன். நான் சுக்கான் பிடித்ததே இல்லை, அது உனக்கும் தெரியும். கப்பல் மௌமெரேயில் நின்றது, ஊதியது, கிளம்பியது. கதை முடியவில்லை என்று இன்னொரு காபி வாங்கினேன்.

இறங்கி வந்தால் அவன் பாயும் இல்லை, பையும் இல்லை. அடொனாராக்காரி சோளம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இறங்கும்போது பாரமா இருக்குன்னு தடுமாறினாரு. உங்க தம்பிதானே, நான்தான் தூக்கி அவர் தோள்ல மாட்டிவிட்டேன்," என்றாள்.

மக்காசரில் நீ நின்றிருந்தாய். நான் வாயைத் திறந்ததும் கத்தியும் திருடர்களும் வந்துவிட்டார்கள். நீ லேப்டாப்பைக் கேட்கவில்லை. "ரத்தம் வந்துச்சா மாமா?" என்று என் சட்டையை விலக்கிப் பார்த்தாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். போலீஸில் நான் சொல்லச் சொல்ல எழுதினார்கள், நீ பக்கத்தில் இருந்து என் கையைப் பிடித்திருந்தாய். அந்தக் காகிதத்தில் மௌமெரே என்ற பெயரே இல்லை. பிறகு எப்படி அங்கே யாரும் தேடுவார்கள்?

போன வாரம் பஸ்ஸில் மௌமெரே போனேன். உன் அத்தையிடம் மீன் வியாபாரம் என்றேன். நாலு நாள் கடை கடையாக ஏறி இறங்கினேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் பழைய சாமான் வாங்குகிற ஒருவன் சொன்னான். மூடியில் நீலத் தண்ணீர்த்துளி ஸ்டிக்கர் ஒட்டிய லேப்டாப், முன்பல் இல்லாத ஒரு ஆள், நவம்பர் பன்னிரண்டாம் தேதி கொண்டுவந்து விற்றானாம். நான் போலீஸில் பொய் சொன்னது நாலாம் தேதி. எட்டு நாள் அது அதே ஊரில் முழுசாக இருந்திருக்கிறது, மகளே. "உள்ள இருந்ததையெல்லாம் தொடச்சிட்டுத்தான் வித்தோம் பெரியவரே" என்றான். வாங்கியவன் வேறு தீவுக்காரனாம். பென் டிரைவைக் கேட்டேன். அதில் பாட்டு ஏற்றி விற்றுவிட்டானாம்.

அதனால் போலீஸை நம்பிக் காத்திருக்காதே. கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பேராசிரியரிடம் தவணை கேட்டுக்கொண்டிருக்காதே. இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டு, போலீஸிலும் காட்டு. கையெழுத்துப் போட்டு, பெருவிரலும் வைத்திருக்கிறேன்.

திரும்பி வந்ததும் கயிறும் டப்பாவும் எடுத்துக்கொண்டு உன் முதல் கிணற்றுக்குப் போனேன். நாற்பத்திரண்டையும் நானே அளந்து தருகிறேன் என்று எழுத நினைத்திருந்தேன். தண்ணீர் கைக்கு எட்டுகிற உயரத்தில் கிடந்தது. நீ அளந்தபோது அடியில் சேறு இருந்த கிணறு. போன வருஷத்து வறட்சியை இனி எங்கே போய் நான் மொண்டு தருவேன்?

பரீட்சைக்குப் போகுமுன் பெண்ணின் தலையில் தாய்மாமன்தான் கை வைக்க வேண்டும். நீ பரீட்சைக்கே போக முடியாமல் செய்தவன் கை அது. ஆசீர்வாதம் என்று எழுத வரவில்லை. என்றைக்காவது ஊருக்கு வந்தால், வாசலில் நின்று நீயாகக் குனிந்தால் மட்டும் வைக்கிறேன். குனியாவிட்டாலும் உள்ளே வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ.

உன் மாமா,
லம்பெர்த்துஸ்