பனி துடைத்த கை

என் தங்க அம்மாவுக்கு,

அங்கே சுகம்தானே? இங்கே நான் சுகம், நீ சோறு வைத்துப் பழக்கிவிட்ட பூனையும் சுகம். உனக்கு எந்த எழுத்தும் வாசிக்க வராது என்று தெரிந்தும் எழுதுகிறேன். நம் தெருக்காரர்கள் வாசிக்கட்டும்.

விடியும் நேரத்துக் கனவில் அடிக்கடி வருகிறாய். நம் பஜார் ரோடு முழுக்கப் புல் முளைத்திருக்கிறது. குடோன் கதவுகள் திறந்தே கிடக்கின்றன, சுக்கும் மிளகும் மணக்கின்றன, படகுத்துறை வரைக்கும் ஒரே பச்சை. நீ கார்ப்பரேஷன் துப்புரவுக் கோட்டைப் போட்டுக்கொண்டு என் கோல்ஃப் பையைத் தோளில் மாட்டி முன்னால் நடக்கிறாய். நான் அடித்த பந்து மூட்டைகளுக்கு நடுவே உருண்டு போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. அம்மா என்று கூப்பிட்டால் திரும்பாமல் கையை மட்டும் ஆட்டுகிறாய். கோபமா?

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கார்டு கிடைத்துவிட்டது, அம்மா. இனி நான் தொழில்முறை ஆட்டக்காரி. ஊர் ஊராகப் பந்தயத்துக்குப் போகலாம். தகுதிப் போட்டி இந்த முறையும் கோயம்புத்தூரில், அதே மைதானத்தில்தான்.

ஊருக்கு வந்து இறங்கியதும் சாயாக்கடை சேட்டன் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அவருடைய பாதித் தமிழில் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: “பேச்சி சேச்சி அன்னிக்கு களஞ்ச ரெண்டு அடி உண்டல்லோ? இப்போ மேலே இருந்து திருச்சு தந்நு!” நீ தொலைத்த இரண்டு அடியை நீயே மேலிருந்து திருப்பித் தந்துவிட்டாயாம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

அந்த இரண்டு அடிக் கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், நீ கேட்டுக்கொண்டிரு. பக்கத்துத் தேவராவில் இருந்த, ஓய்வுபெற்ற கப்பற்படைக்காரர் ஒருவர் வீட்டில் நீ ஞாயிறுதோறும் முற்றம் பெருக்கினாய். தன் மனைவி ஆடிக் கழித்த கோல்ஃப் கம்புகளைப் பையோடு எனக்குக் கொடுத்தார். “கம்பைக் குடுத்துட்டாரு, கூடவே கஞ்சியும் ஊத்துவாராமா?” என்று நொடித்தவள் நீ. நான் பயிற்சித் திடலில் பந்து பொறுக்கிப் பொறுக்கியே ஆடக் கற்றேன். போன வருஷம் தகுதிப் போட்டிக்குக் கிளம்பியபோது, பை தூக்க ஆள் வைக்க வழியில்லாமல் நீயே லீவு போட்டு வந்தாய்.

கடைசி நாள் காலை நல்ல பனி. முதல் வரிசையிலேயே நமக்கு ஆட்டம். குழியிருக்கும் வழவழப்பான புல்தரைக்கு வந்தபோது என் பந்துக்கும் குழிக்கும் நடுவே புல் வெள்ளையாய் மின்னியது. நான் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் நீ குனிந்து, துண்டால் அந்த வழி முழுவதையும் துடைத்து முடித்திருக்கிறாய். அசிங்கமாகக் கிடப்பதைப் பார்த்தால் உன் கை சும்மா இருக்காதே!

இலை கிடந்தால் எடுக்கலாம், மணலைக்கூடத் தட்டிவிடலாம். பனியைத் துடைப்பது மட்டும் குற்றம். பை தூக்குகிறவர் துடைத்தாலும் ஆடுகிறவர் கணக்கில் இரண்டு அடி தண்டமாக ஏறும்; அடி குறைந்தவர்தானே ஜெயிப்பார். கூட ஆடியவர்கள் கவனிக்கவில்லை. நானே போய்ச் சொல்லி இரண்டு அடியை ஏற்றுக்கொண்டேன். அந்த விஷயத்தில் எனக்கு வருத்தமே இல்லை. நீதான் துண்டைக் கீழே போட்டுவிட்டாய். “பந்து நனையுமேன்னுதானே தொடச்சேன் மோளே? தொடச்சது ஒரு குத்தமா?”

கார்டு கிடைக்கவில்லை. திரும்பி வரும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாய். பாலக்காடு தாண்டியதும் கேட்டாய்: “நான் தொடைக்காம இருந்தா உனக்குக் கிட்டியிருக்குமா மோளே?”

நான் “ம்” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அந்த ஒரு ‘ம்’மை நீ எங்கெல்லாம் தூக்கிக்கொண்டு போனாய்! மறுநாளே வேலைக்குப் போய், பெருக்கும் வழியில் வாசல் வாசலாக நின்று, “எம் மோளுக்கு எங் கையாலதான் போச்சு” என்று நீயே சொன்னாய். என் பையைத் தொடக்கூட மாட்டேன் என்றாய். எட்டு மாதம் கழித்து நெஞ்சுவலி வந்து நீ போனபோதும் அந்த நினைப்போடுதான் போனாய்.

இப்போது கேள், அம்மா. பலகையில் ஒட்டியிருந்த பட்டியல் உனக்கு வாசிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். கார்டு வாங்கிய கடைசி ஆளைவிட நான் பதினொரு அடி அதிகம் அடித்திருந்தேன். உன் இரண்டைக் கழித்தாலும் ஒன்பது மிச்சம். முதல் நாளே பயத்தில் ஆட்டத்தைக் கெடுத்துக்கொண்டவள் நான். அதை ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டு உன் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். யாரும் பார்க்காத தப்பை மைதானத்தில் சொல்லத் தெரிந்த எனக்கு, ரயிலில் பக்கத்தில் இருந்த உன்னிடம் உண்மையைச் சொல்ல ஏன் வாய் வரவில்லை?

இந்த முறையும் கடைசி நாள் பனி கொட்டிக் கிடந்தது. மரங்கள் பாதி தெரிந்தன, பாதி தெரியவில்லை. விழித்திருக்கிறேனா, கனவிலா என்று எனக்கே சந்தேகம். மெதுவாகத் தட்டினேன். பனியில் கோடு கிழித்துக்கொண்டு பந்து குழிக்குள் போய் விழுந்தது. கை தட்டினார்கள். உன்னைத் தேடினேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நாளைக் காலை நீ வேலைக்குப் போகும் நேரத்துக்கே கிளம்பிவிடுவேன். படகுத்துறையில் தொடங்கி, நீ பெருக்கிய வழியெல்லாம் நடந்து, நீ நின்று சொன்ன ஒவ்வொரு வாசலிலும் நானும் நின்று, “எங்கம்மா கையால போகல, நான் கேவலமா ஆடித்தான் போச்சு” என்று சொல்வேன். கதவு திறக்காத வீட்டுக்கு மறுநாளும் போவேன். கடைசி வாசலிலும் சொல்லி முடிக்காமல் முதல் பந்தயத்துக்கு வண்டி ஏற மாட்டேன். இது சத்தியம், அம்மா.

உன் தலையில் தன் தோல்வியை ஏற்றிவைத்த,
உன் மோள்,
செல்வி