மஞ்சள் கரு தின்ற மீன்கள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் ஏதோ எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருந்தால் அதுவே போதும். போனில் ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாயே, அப்பா பக்கத்தில் இருந்ததால் சொல்லவில்லை. முதல் குளத்து மீன் அத்தனையும் போய்விட்டது. உடம்பெல்லாம் சிவப்புப் புண், வயிறு உப்பி மிதந்தன. வழக்கமான மருந்துக்குக் கிருமி மசியவே இல்லை. மீன் டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, "ரெண்டாவது குளத்தையாவது காப்பாத்தலாம்க்கா, உங்க கோழிங்க இருக்கே" என்றாள். அந்தக் கிருமியையே சாகடித்துக் கோழிகளுக்கு ஊசி போட்டாள். அதை எதிர்க்கிற சக்தி கோழி உடம்பில் ஊறி மஞ்சள் கருவில் இறங்குமாம், மீனுக்குத் தீனியோடு கொடுத்தால் கிருமி அண்டாதாம். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது.

சில வாரம் பொறுத்து ஆரம்பித்த வேலை இன்னும் ஓயவில்லை. முட்டையை உடைத்து, மஞ்சளைப் பிரித்து, தீனியில் பிசறி, நிழலில் உலர்த்த வேண்டும், சூடு பட்டால் சக்தி போய்விடும். கொடுப்பதை நிறுத்தினால் காவலும் போய்விடும், அதனால் ஒரு நாள்கூட லீவு கிடையாது. மிஞ்சுகிற வெள்ளைக்கருவைப் பக்கத்து வீட்டுக்காரி வாங்கிப்போய் முகத்தில் பூசிக்கொள்கிறாள், அவளாவது பளபளவென்று இருக்கட்டும். எனக்கு இடுப்பு விட்டுப்போகிறது. உன்னிடம் சொல்வதற்கென்ன, இந்த மீனும் செத்துத் தொலைந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு உன்னிடம் வந்துவிடலாம் என்றுகூட ஒரு நாள் நினைத்துவிட்டேன்.

சாகவில்லை. நாலைந்து மிதந்ததோடு சரி, மற்றதெல்லாம் துள்ளித் துள்ளித் தின்கின்றன. அப்பா கரையில் நின்று சின்னப்பிள்ளை மாதிரி கை தட்டினார். நான் தீனி மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். "அதான் பொழச்சிடுச்சே, எதுக்கு அழற?" என்றார். "பொழச்சதுனாலதான் அழறேன்" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் அன்று சாப்பாடுகூடச் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தால் சமையலறையில் முட்டையும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார், பாதி உடைந்து மேஜையெல்லாம் வழிகிறது. நிமிர்ந்தே பார்க்காமல், "நீ அவகிட்ட போய் கொஞ்ச நாள் இருந்துட்டு வா, நான் கத்துக்கறேன்" என்றார்.

டிக்கெட் பார்த்துச் சொல். வந்ததும் ஊர் சுற்றிக்காட்டுகிறேன் என்று இழுக்காதே, எனக்கு முதலில் தூங்க வேண்டும். ஈரத் தலையோடு குளிரில் வெளியே போகாதே. நீங்கள் இருவரும் குறைவில்லாமல் வாழ வேண்டும்.

உன்
அம்மா