பன்னிரண்டு சேர் உப்புத் தண்ணீர்

7 ஜனவரி 1954, நகரி

மார்ச் கடைசியில் பரீட்சை. எஸ்.எஸ்.எல்.சி. கணக்கின் மேல் எனக்கு இது மூன்றாவது படையெடுப்பு. முதல் தடவை ஆறு மார்க்கில் போனது, போன வருஷம் நான்கு மார்க்கில். இந்த வேகத்தில் போனால் நான்காவது தடவை நிச்சயம் பாஸ்.

ஆனால் நான்காவது தடவை கிடையாது. பாஸானால் சித்தூரில் டீச்சர் டிரெயினிங். இல்லையென்றால் இனிமேல் புத்தகத்தைத் தொடமாட்டேன் என்று மாமியாரிடம் வாக்குக் கொடுத்துத் தொலைத்திருக்கிறேன். "இந்த தபாவும் போச்சின்னா குந்திக்கினு நூல் சுத்துமே தாட்சாயணி" என்று இன்று காலையிலேயே ஞாபகப்படுத்தினார். மறந்துவிடுவேன் என்று பயம் போல.

12 ஜனவரி

கலவைக் கணக்குதான் எமன். வட்டி வருகிறது, லாப நஷ்டம் வருகிறது, இயற்கணிதம் தண்ணீர் பட்ட பாடு. கலவை என்றால் மட்டும் போச்சு.

இன்றைய கணக்கு: பத்துச் சேர் தண்ணீரில், 20 சதவீத உப்புநீர் எத்தனை சேர் சேர்த்தால் 10 சதவீத உப்புநீர் ஆகும்?

உப்புநீர் x சேர் என்று வைத்தேன். பன்னிரண்டு வந்தது. புத்தகத்தின் கடைசியில் பத்து என்று போட்டிருக்கிறது. மறுபடி போட்டேன், பன்னிரண்டு. முகம் கழுவிக்கொண்டு வந்து போட்டேன், பன்னிரண்டு. அச்சுப்பிழையாக இருக்கும்.

13 ஜனவரி

எட்டுக் கணக்கு போட்டேன். எட்டும் தப்பு. எட்டிலுமா அச்சுப்பிழை?

15 ஜனவரி

பொங்கல் கழிந்தது. துன்னதும் தூங்கினதும்தான். புத்தகத்தைப் பார்க்கவே இல்லை, அதுவும் என்னைப் பார்க்கவில்லை.

21 ஜனவரி

வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டேன். பேரைச் சொல்லக் கூடாது, நோட்டில் எழுதினால் என்னவாம் — கோவர்த்தனன். நூலுக்குச் சாயம் போடுகிறவர், எங்கள் சாயப்பட்டறை வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். கணக்கைப் படித்துக் காட்டினேன். பேனா இல்லை, காகிதம் இல்லை, தொட்டியில் நூலைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: "பன்னண்டு."

"புஸ்தகத்துல பத்துன்னு போட்டுக்கீது மாமா."

"பத்து ஊத்துனா உப்பு பத்தாது, சாயம் ஏறாதுமே. எழுதினவன் ஒரு நாளாவது தொட்டிகிட்ட நின்னுகீறானா?"

எனக்கு ஒரே சந்தோஷம். புத்தகம் எழுதினவருக்குக் கணக்குத் தெரியாது என்று இருவரும் சேர்ந்து முடிவு கட்டிவிட்டோம்.

22 ஜனவரி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் அவர் உப்புத் தண்ணீர் கரைத்தார். சும்மா பக்கத்தில் நின்றேன். நூறு சேர் தண்ணீரை எடை போட்டு ஊற்றினார். அப்புறம் இருபது சேர் உப்பு.

"இது எத்தினி மாமா?"

"இருவது. நூறு தண்ணிக்கு இருவது உப்பு. தெரியாத மாதிரி கேக்கிற?"

"தொட்டியில இப்ப மொத்தம் எவ்ளோ கீது?"

"நூத்தி இருவது சேரு."

அப்படியே உப்பு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். நூற்றிருபதில் இருபது. ஆறில் ஒரு பங்கு. புத்தகத்தின் நூறில் உப்பும் அடக்கம், அங்கே ஐந்தில் ஒரு பங்கு. எங்கள் ஊர்ப் பட்டறைகளில் நூறு என்றால் வெறும் தண்ணீர். பிறந்த வீட்டில் நைனாவின் பட்டறையிலும் அப்படித்தான், நான் நடக்கப் பழகினதே அங்கேதான். ஆகவே யாரையும் கேட்காமல் 20 சதவீதம் என்றால் ஆறில் ஒன்று, 10 என்றால் பதினொன்றில் ஒன்று என்று மூன்று வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அடிப் பாவி.

அடுப்புக்கரியால் சுவரிலேயே எழுதினேன். x சேரில் உப்பு 20x/100. கலந்த பிறகு இருக்க வேண்டிய உப்பு 10(10 + x)/100. உப்பு எங்கேயும் ஓடிப்போகாது, ஆக இரண்டும் சமம். 2x = 10 + x. x = 10.

பத்து. எனக்கு இயற்கணிதம் வராமல் இல்லை. நான் மக்கு இல்லை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அவர் முகம்தான் வாடிவிட்டது. "அப்போ இத்தினி வருசமா நான் போட்டது தப்பா?"

"இல்ல மாமா. உங்க தொட்டிக்குப் பன்னண்டுதான் சரி, என் பேப்பருக்குப் பத்து. புஸ்தகம் பாக்காம பன்னண்டு சொன்னீங்களே, எனக்கு அதுக்கு அரைப் பக்கம் ஆச்சு."

மனுஷர் அதன் பிறகு நூல் புரட்டின அழகைப் பார்க்க வேண்டுமே.

9 பிப்ரவரி

நாற்பது கலவைக் கணக்கு. நாற்பதும் சரி.

26 மார்ச், திருப்பதி

பரீட்சை முடிந்தது. ரயில் முழுக்க நகரி மதராஸோடு போகுமா ஆந்திராவிலேயே இருக்குமா என்ற பேச்சுதான். எந்தப் பக்கம் போனாலும் என் பேப்பரைத் திருத்துகிறவர் நல்ல மனுஷராக இருந்தால் போதும்.

கலவைக் கணக்கு வந்தது, திராவகத்தில். கை அது பாட்டுக்கு ஆறில் ஒன்று என்று எழுதிவிட்டது! அடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து போட்டேன். அதில் நேரம் போய், கடைசிக் கணக்கு பாதியில் நிற்கிறது. நான்கு மார்க்கில் போன எனக்கு அந்தப் பாதி என்ன செய்யும்? வெளியே வீட்டுக்காரர் காத்திருந்தார். இட்லி வாங்கிக் கொடுத்தார், ஐந்து தின்றேன்.

11 ஜூன், நகரி

பாஸ்.

12 ஜூன்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. மாமியார் தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிக்கொண்டு வந்தார். "எம் மருமவ டீச்சரு." இன்னும் இரண்டு வருஷம் டிரெயினிங் இருக்கிறது என்றேன். "அத்த நீ பாத்துக்கோ" என்று எதிர்வீட்டுக்குப் போய்விட்டார்.

9 ஜூலை 1956, நகரி

எட்டாம் வகுப்புக்கு இன்று கலவைக் கணக்கு ஆரம்பம். புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால், யார் யார் வீட்டில் சாயப்பட்டறை இருக்கிறது என்று கேட்டேன். ஏழு கைகள்.

"நீங்க ஏழு பேரும் முன்னாடி வந்து உக்காருங்க" என்றேன்.