முதல் சிலிண்டர் மட்டும்

நுமாசு
2 டிசம்பர் 1997

என் அன்பு மிசாவோ அக்காவுக்கு,

தெய்ஜி எழுதுவது. கிர்யூவில் மலைக்காற்று ஆரம்பித்திருக்கும், பட்டறையில் கழுத்துக்குத் துணி சுற்றிக்கொண்டுதானே வேலை பார்க்கிறாய்? இங்கே அம்மா சுகம். என் பந்தயக் கோப்பையை அப்பா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, தினமும் சோறு படைக்கும்போது அதையும் ஒரு துடைப்பு துடைக்கிறாள்.

பதினோரு வருஷமாகப் பந்தயத்தில் கார் ஓட்டியும் இப்போதுதான் ஜெயித்திருக்கிறேன். இன்னும் நம்ப முடியவில்லை. அன்று ஓட்டம் முடிந்ததும், சங்கத்துக்கு அளந்து சொல்கிறவளாக நீ எஞ்சின் ஆறட்டும் என்று எல்லோரையும் ஒரு மணி நேரம் குளிரில் நிற்க வைத்தாய். சூட்டில் இரும்பு உப்பியிருக்கும், அளவு தப்பாகக் காட்டும் என்றாய். சங்கத் தலைவர் ஹதாநாகா என் காதில், "உங்கக்கா கிட்ட மாட்டினா கல்யாணச் சாப்பாடும் ஆறிப்போகும்ப்பா" என்று முணுமுணுத்தார். கடைசியில் முதல் சிலிண்டரை அளந்தாய், மூன்றால் பெருக்கினாய், 658 சி.சி. என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாய். வரம்பு 660க்குள் வந்துவிட்டேன். அக்கா என்றால் அக்காதான். உனக்கு நான் நன்றி சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

ஒரு சின்ன வேலை. அடுத்த பந்தயத்துக்குள் பிஸ்டன் ரிங் மாற்ற வேண்டும். உன் உதிரிபாகக் கடைக்காரரிடம் 68 மில்லிமீட்டரில் ஒரு சிலிண்டருக்கும், 68.5ல் இரண்டு சிலிண்டருக்கும் வாங்கி அனுப்பு.

புது வருஷத்துக்கு வந்துவிடு. அம்மா இப்போதே வழியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

உன் செல்லத் தம்பி,
தெய்ஜி


கிர்யூ
6 டிசம்பர் 1997

தெய்ஜி,

நலம் விசாரிக்க மனசில்லை. ரிங் அளவை இரண்டு தரம் படித்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த நூடுல்ஸை அப்படியே கொட்டிவிட்டேன்.

ஒரு சிலிண்டருக்கு 68, இரண்டுக்கு 68.5. இதை ஏதோ வெங்காயம் வாங்கி வரச் சொல்வது போல எனக்கே எழுத உனக்குக் கை கூசவில்லையா? கணக்கை நானே போட்டேன். சிலிண்டர் துளையின் விட்டம் 68, அதில் பாதி 34. 34ஐ 34ஆல் பெருக்கி, அதை 3.1416ஆல் பெருக்கி, பிஸ்டன் ஓடும் தூரம் 60.4ஆலும் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு 219.4 சி.சி. விட்டம் 68.5 என்றால் 222.6. முதல் சிலிண்டரை மட்டும் யோக்கியமாக விட்டுவிட்டு மற்ற இரண்டையும் குடைந்திருக்கிறாய். மொத்தம் 664.5. வரம்பைத் தாண்டியது நாலரை சி.சி. ஊசிக்குழாயில் அளந்து ஒரு தேக்கரண்டியில் எண்ணெய் ஊற்றிப் பார்த்தேன். கரண்டிகூட நிறையவில்லை. இவ்வளவுக்காகவா தெய்ஜி? பெரிய திருட்டாக இருந்திருந்தால்கூட இத்தனை அருவருப்பு வந்திருக்காது.

தப்பு என் மேலும் இருக்கிறது. முதல் சிலிண்டரை அளந்து மூன்றால் பெருக்கு என்று சங்கத்து விதி சொன்னதால் எட்டு வருஷமாக அப்படியே செய்தேன். ஆளுக்கு ஆள் குளிருது, சீக்கிரம், சீக்கிரம் என்பார்கள். பெரிது போட்ட பிஸ்டனின் தலையில், அரை மில்லிமீட்டர் கூடுதல் என்பதற்கு 50 என்று பொறித்திருப்பார்கள். அன்று உன் பிஸ்டன்களின் மேல் கரி படிந்திருந்தது. ஒரு துணியால் துடைத்திருந்தால் தெரிந்திருக்கும், நான் துடைக்கவில்லை.

இரண்டாவதாக வந்த உமெஸுவை நினைத்துப் பார். ஒரு கார் நீளத்தில் தோற்றார். கண் மங்கிவிட்டது, இதுதான் கடைசிப் பந்தயம் என்று சொல்லித்தான் வண்டியில் ஏறினார். தோற்ற பிறகு உன் முன்னால் இடுப்பு வரை குனிந்து வாழ்த்தினார். நீயும் பதிலுக்குக் குனிந்தாய். எப்படி முடிந்தது உன்னால்?

இருபதாம் தேதிக்குள் நீயே சங்கத்துக்குச் சொல்லிக் கோப்பையைத் திருப்பிக் கொடு. இல்லாவிட்டால் வருஷக்கடைசி விருந்தில் நான் சொல்வேன்.

மிசாவோ


நுமாசு
11 டிசம்பர் 1997

அன்பு அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் பயந்தேன், பிறகு சிரித்தேன். கடிதம் யார் கையிலாவது அகப்பட்டால் என்ன ஆவது என்று இப்படி வெளுத்து வாங்கியிருக்கிறாய். புரிந்துகொண்டேன். ரிங் விஷயத்தைக் காகிதத்தில் எழுதியது என் மடத்தனம். இனி எழுத மாட்டேன். இந்தக் கடிதத்தையும் அடுப்பில் போட்டுவிடு.

ஆனாலும் கொஞ்சம் அதிகமாகத்தான் திட்டிவிட்டாய். தொட்டுப் பார்த்தே நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரைச் சொல்கிற அக்கா, அரை மில்லிமீட்டரைப் பார்க்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? என்னிடமாவது நடிக்காதே. துணியைக் கையில் வைத்துக்கொண்டே நீ துடைக்காமல் நகர்ந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அந்த நிமிஷம் உன் காலில் விழலாம் போல இருந்தது.

அம்மா புது வருஷ இனிப்புக்குக் கறுப்பு மொச்சையை ஊறப் போடும் நாளைக் குறித்து வைத்திருக்கிறாள். "மிசாவோ வந்தாத்தான் இனிப்பு சரியா இருக்கும், நீ போட்டா பாகு முறுகிடும்" என்று என்னை அடுப்படிப் பக்கமே விடமாட்டேன் என்கிறாள். முப்பதாம் தேதி ஸ்டேஷனுக்கு வருகிறேன். எந்த வண்டி என்று எழுது.

என்றும் உன்,
தெய்ஜி


கிர்யூ
22 டிசம்பர் 1997

தெய்ஜி,

விருந்துக்குப் போனேன், நீ வரவில்லை. ஹதாநாகா வீட்டில் பதினாலு பேர், நடுவில் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன்: என் தம்பி வண்டி 664.5 சி.சி., அதை நான் தவறாக அளந்துவிட்டேன், கோப்பை உமெஸுவுடையது, நான் அளவுப் பொறுப்பை விடுகிறேன்.

யாரோ ஒருவன் கீரையைச் சட்டியில் போட்டுக்கொண்டே இருந்தான். பிறகு ஹதாநாகா சிரித்தார்.

"மிசாவோம்மா, இன்னைக்கு என்ன ஆச்சு உங்களுக்கு? உக்காருங்க, ஒரு வாய் குடிங்க. இது யாருக்குத் தெரியாது?"

நான் உமெஸுவைப் பார்த்தேன். அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"நானும் ரெண்டுலயும் அம்பதுதான் போட்டிருக்கேன். இங்க எல்லாரும் அப்படித்தான். நீங்க கண்டுக்காம விடறீங்களேன்னுதானே வருஷா வருஷம் பரிசுப் பெட்டி அனுப்பறோம். எங்க வீட்டு ஆரஞ்சுப் பழம் நல்லா இருந்துச்சுன்னு நீங்களே பதில் போட்டீங்களே."

எட்டு வருஷமாக அந்தப் பழங்களைத் தின்றிருக்கிறேன். ஆரஞ்சு, உப்பு மீன், கடற்பாசி எல்லாம் வந்தன. அவர்கள் நல்ல மனிதர்கள் என்று நினைத்து ஒவ்வொருவருக்கும் என் கையால் நன்றி எழுதினேன். வாசலுக்கு வந்து சாக்கடையோரம் வாந்தி எடுத்தேன். ஹதாநாகாவின் மனைவி தண்ணீர் கொண்டுவந்து முதுகைத் தடவினாள். "வயித்துக்கு ஒத்துக்கலையா அக்கா?" என்று கேட்டாள். நான் அங்கே எதையும் சாப்பிடவே இல்லை.

உன் கோப்பை உன்னிடமே இருக்கட்டும் என்று சங்கத்தில் முடிவு செய்துவிட்டார்கள். அடுத்த வருஷமும் நானே அளக்க வேண்டுமாம். அளக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உன் மேல் எனக்கு இப்போது கோபம்கூட இல்லை. நீ மட்டும் திருடன் என்று நினைத்தபோது கோபப்பட முடிந்தது. இரண்டு நாளாக உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். நீ என்னிடம் பொய் சொல்லவில்லை. நான் நடிக்கிறேன் என்று நிஜமாகவே நம்பியிருக்கிறாய். ஒரு வீட்டில் பிறந்து, ஒரே போர்வைக்குள் தூங்கி வளர்ந்த பிறகும், பார்த்துவிட்டுப் பார்க்காதது போல நகர்கிறவள் என்றுதான் என்னை எடை போட்டிருக்கிறாய். மற்றவர்கள் அப்படி நினைத்ததை நான் கழுவித் தள்ளிவிடுவேன். நீ நினைத்ததை என்னால் முடியவில்லை.

அம்மாவிடம் எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல். பொய் சொல்ல உனக்குச் சிரமம் இருக்காது. அவளுக்கு நான் தனியாக எழுதிக்கொள்கிறேன்.

உனக்குப் பிடித்த அந்த அக்கா என்று இங்கே யாரும் இல்லை. அவளுக்கு இனி எழுதாதே.

மிசாவோ