பினாயில் வாசனை

ஐப்பசி 14, வியாழன்

காரிமங்கலத்தில் ஓரகத்தி வீட்டில் ஒரு வாரம் இருந்த மகளை இன்று கூட்டிவந்தேன். "பெரியம்மா வூட்டுல எனக்கு இருமலே வரலம்மா" என்றாள். அங்கே பினாயில், கொசுவத்தி எதுவும் கிடையாது. ஓரகத்தி பூந்திக்கொட்டைத் தண்ணீரில்தான் தரை துடைக்கிறாள்.

பெற்றவள் நானிருக்க, அவள் வீடு உசத்தியா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீம்புக்குப் பினாயிலைக் கூடுதலாக ஊற்றித் துடைத்தேன். சற்று நேரத்தில் பிள்ளைக்கு மூச்சு இழுத்தது. வாசலுக்குத் தூக்கிவந்து இன்ஹேலர் அடித்த பிறகுதான் அடங்கியது.

பினாயிலையும் கொசுவத்தியையும் குப்பையில் போட்டேன். தரையை மூன்று முறை கழுவி, கொசுவலை கட்டினேன்.

"பெரியம்மா சொன்னாங்களாம்மா?"

"இல்லடி, நானாத்தான் செஞ்சேன்."

நாளைக் காலையில் ஓரகத்தியிடம்தான் பூந்திக்கொட்டைப் பக்குவம் கேட்கவேண்டும். குத்திக்காட்டாமல், பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பாள். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.